விக்டோரியா 3இல் ரயில் ஒரு சொடுக்கில் வருகிறது. பதுளைக்கு மட்டும் ஏன் 1924 ஆனது?

ஹட்டன்_மூடுபனி | சனி இரவு 10.20

மூன்று நாளாக விடாத மழை. வெளியே தலை காட்ட முடியவில்லை. கணினியில் விக்டோரியா 3 என்ற வியூக விளையாட்டைத் திறந்து பிரித்தானியாவை எடுத்தேன். 1840களிலேயே ரயில் ஆராய்ச்சி முடிந்தது. வரைபடத்தில் இலங்கையைத் தொட்டு ரயில்வே கட்டச் சொன்னேன். கொஞ்ச நாளில் முடிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வெளியே கோச்சி ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறும் சத்தம். அது இந்த மலைக்கு ஏறி வந்த கதை இப்படி இல்லையே என்று நினைத்தேன்.

கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை 1865இல் பாதை திறந்தது. கண்டிக்கு 1867. நாவலப்பிட்டி 1874, நானுஓயா 1885. பட்டிப்பொல உச்சியைத் தாண்டி ஹப்புத்தளைக்கு 1893, பண்டாரவளைக்கு 1894. பண்டாரவளையிலிருந்து பதுளை பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். அந்தக் கடைசித் துண்டுக்கு மட்டும் 30 வருஷம்! ரயில் போடத் தெரியாமலா இருந்தார்கள்? நானுஓயா வரைக்கும் போட்டவர்களுக்கு அதற்கு மேல் தெரியாமல் போயிருக்காது.

விளையாட்டில் "தெரியும்" என்பதற்கும் "இருக்கிறது" என்பதற்கும் நடுவில் ஒரு சொடுக்குதான். இந்தப் பெருவியூக விளையாட்டுகளில் தொழில்நுட்பம் வளர்கிற விதம் சரித்திரத்துக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறது? குறை சொல்ல வரவில்லை. இந்த ஒன்றையே 900 மணித்தியாலம் விளையாடியிருக்கிறேன்.

மட்டக்கம்பு | சனி இரவு 10.41

மச்சான், 900 மணித்தியாலம் போன பிறகா இந்தக் கேள்வி?

தொழில்நுட்ப மரம் சரித்திரம் சொல்ல வந்தது இல்லை. 1980இல் பிரான்சிஸ் டிரெஷாம் செய்த பலகை விளையாட்டில் இருந்த யோசனை அது. 1991இல் சிட் மையரின் சிவிலைசேஷன் அதைக் கணினிக்குக் கொண்டுவந்து பரப்பியது. ஒன்றைப் படித்தால் அடுத்தது திறக்கும், அவ்வளவுதான். தேயிலைக்கு மட்டக்கம்பு வைத்துப் பறிக்கிறோம். செடி தானாக அந்த மட்டத்திலா வளரும்? பறிக்க வசதி, அதனால் வைக்கிறோம். மரமும் அப்படித்தான். உண்மையாக வேண்டுமென்றால் 30 வருஷம் கண்டிச்சீமை அரசு பணம் தேடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார். யார் காசு கொடுத்து வாங்குவான்?

கண்டி_வாத்தியார் | சனி இரவு 11.15

மட்டக்கம்பு சொல்வது பாதி சரி. வசதிக்காக வைத்த கோடுதான். ஆனால் அந்தக் கோட்டை எங்கே வைக்கிறார்கள் என்பதில் ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது.

யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4 ஆரம்பத்தில் எப்படி இருந்தது என்று பழையவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நாடுகளைத் தொழில்நுட்பக் குழுக்களாகப் பிரித்திருந்தார்கள். மேற்கத்தியருக்கு ஒரு விலை, இந்தியக் குழுவுக்கு அதைவிடக் கூடின விலை. விஜயநகரத்தை எடுத்து ஆடினால் நூற்றாண்டு போகப் போகப் பின்தங்க வேண்டியதுதான். தப்பிக்க ஒரே வழி "மேற்கத்தியமாதல்" என்ற பொத்தான். நாடே கலகத்தில் கிடந்து எழும்ப வேண்டும். 2016இல் அதை எடுத்துவிட்டு நிறுவனங்கள் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மறுமலர்ச்சி, அச்சு, உலக வணிகம் என்று ஒவ்வொன்றும் ஓரிடத்தில் பிறந்து மாகாணம் மாகாணமாகப் பரவும். முந்தியதைவிட நல்லது. ஆனாலும் பெரும்பாலானவை ஐரோப்பாவில்தான் பிறக்கும். திப்புவின் படையில் கண்ட ராக்கெட்டைப் பார்த்துத்தான் ஆங்கிலேயர் கொங்ரீவ் ராக்கெட் செய்தார்கள். அந்தத் திசையில் ஓடும் அம்புக்குறி இந்த விளையாட்டுகளில் அபூர்வம்.

எங்கள் ஊர் உதாரணத்துக்கு வருகிறேன். 1638இல் கன்னொறுவையில், அதாவது பேராதனைத் தோட்டத்துக்கு ஆற்றின் அக்கரையில், போர்த்துக்கேயப் படை கிட்டத்தட்ட முழுவதுமாக அழிந்தது. 1765இல் ஒல்லாந்தர் கண்டி நகரத்தையே பிடித்தார்கள், நிலைக்க முடியாமல் திரும்பினார்கள். அப்போது கொள்ளையடித்துப் போன பீரங்கிதான் 2023 டிசம்பரில் நெதர்லாந்திலிருந்து திரும்பி வந்தது. 1803இல் ஆங்கிலேயர் வந்து, விட்டுப்போன காவற்படை கிட்டத்தட்ட மொத்தமும் அழிந்தது. கண்டி இராச்சியத்துக் கொல்லர்கள் துப்பாக்கி செய்வதில் சளைத்தவர்கள் இல்லை. அடிக்கட்டை இரண்டாகப் பிளந்த அந்தத் துப்பாக்கிகளை மியூசியத்தில் பார்த்திருப்பீர்கள்.

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1803க்கும் 1815க்கும் நடுவில் ஆங்கிலேயர் கையில் என்ன புதுத் தொழில்நுட்பம் வந்தது? அதே துப்பாக்கி, அதே வெடிமருந்து. மாறியது அரண்மனைக்குள். எஹெலப்பொலவும் மற்றப் பிரதானிகளும் அரசனை விட்டு விலகினார்கள். விளையாட்டுக்காரன் இந்தப் போரைப் போட்டால் இராணுவ நிலை 20, இராணுவ நிலை 24 என்று எண் போட்டு முடிப்பான். ரோட்டு வந்தது அதற்குப் பிறகுதான், 1820களில் ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில். பிடிப்பதற்கு ரோட்டுத் தேவைப்படவில்லை, பிடித்ததை வைத்திருக்கத்தான் தேவைப்பட்டது.

(அந்தக் கடைசி அரசன் மதுரை நாயக்கர் வழி. வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தான். இது இழைக்குச் சம்பந்தமில்லாதது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

மட்டக்கம்பு | சனி இரவு 11.22

சேர், அப்படியானால் பிரதானிகளுக்கும் ஒரு மரம் வரையச் சொல்கிறீர்களா?

கண்டி_வாத்தியார் | சனி இரவு 11.30

அதற்கு குருசேடர் கிங்ஸ் இருக்கிறதே. அங்கே சதிதான் மரம்.

பழைய_ஸ்டோர்காரன் | ஞாயிறு காலை 6.05

வணக்கம் பிள்ளைகளா. எனக்கு விளையாடத் தெரியாது. பேரன் விளையாடுவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பேன். அவன்தான் இதை வாசித்துக் காட்டினான். நான் சொல்லச் சொல்ல அவனே தட்டுகிறான். 1971இல் ஸ்டோருக்குள் போனவன் நான், தேயிலை ஸ்டோர். 38 வருஷம்.

பேரன் காட்டினான், ஒரு பொத்தானை அமத்தினால் நாட்டில் இருக்கிற அந்த வகைத் தொழிற்சாலை எல்லாம் புது முறைக்கு மாறுகிறது. எங்கள் ஸ்டோரில் நான் போனபோது ரோலரில் ஒன்று வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். நான் ஓய்வு எடுத்தபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது. முதலில் ஓடைத் தண்ணீரில் சுழன்ற டர்பைன், அப்புறம் டீசல் எஞ்சின், அப்புறம் கரண்ட். பட்டி மட்டும் மாறியது, ரோலர் அதேதான். கொழுந்தை மேல் மாடியில் சாக்குத் தட்டில் பரப்பி வாட்டின காலத்தையும் கண்டேன், விசிறி வைத்த தொட்டியையும் கண்டேன். அடுப்புக்கு விறகுதான் போட்டோம். தூள் பிரிக்கிற கடைசி அறையில் கொம்பியூட்டர் வைத்த கலர் சோட்டர் வந்து நின்றது. ஒரே கூரைக்குக் கீழே நாலு காலம்.

இன்னொரு விஷயம். கொழுந்து வாட 12 மணித்தியாலமும் ஆகும், 18ம் ஆகும். மழை நாளில் இலை தண்ணீரோடு வரும், அது வேறு கணக்கு. அரைத்து விரித்த தூள் எப்போது பதம் என்பதற்கு மூக்குத்தான் மணிக்கூடு. எனக்கு முன் இருந்தவர் எனக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை, பக்கத்தில் நிற்க விட்டார், அவ்வளவுதான். ரெண்டு வருஷம் நின்றேன். ஒரு தடவை எங்கள் தோட்டத்துக்கு வெளிநாட்டு மெஷின் ஒன்று இறக்கினார்கள். பெரிய துரை மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார். எங்கள் லைன் கரண்டில் அதற்கு வலு போதவில்லை, ஓட்டத் தெரிந்தவனும் இல்லை. மூன்று வருஷம் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. கோழி முட்டை இட்டது.

தம்பி, அந்த விளையாட்டில் மழை உண்டா?

ஹட்டன்_மூடுபனி | ஞாயிறு காலை 8.50

ஐயா, காலையிலேயே இதை வாசித்துவிட்டுத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். மழை இல்லை ஐயா. அறுவடைக்குக் கூடக்குறைய வரலாம், வாடாத கொழுந்து கிடையாது.

நீங்கள் சொன்ன நாலு காலம் விளையாட்டில் வரவே முடியாது. உற்பத்தி முறை என்று இருக்கிறது, அதை ஒரு மாநிலத்தில் உள்ள அந்தக் கட்டடத்தின் எல்லா நிலைகளுக்கும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். இலங்கை முழுக்க ஒரே மாநிலம். ரோலர் ஒன்று பழசு, ஒன்று புதுசு என்று வைக்க இடமே இல்லை.

தலவாக்கலை_தாரகை | ஞாயிறு காலை 10.12

இங்கே எல்லாரும் விக்டோரியாவைப் போட்டு அடிப்பதால் நான் அதன் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன். பொருளாதாரம் படிக்கிறேன், அந்தப் பார்வையில்.

சிவிலைசேஷனில் கண்டுபிடித்தால் கிடைத்துவிடும். விக்டோரியா 3இல் அப்படி இல்லை. ஆளைக் குறைக்கும் இயந்திர முறை திறந்திருந்தாலும், கூலி மலிவாக இருக்கும் நாட்டில் அதைப் போட்டால் நட்டம். எஞ்சினும் நிலக்கரியும் வாங்கும் செலவு, மிச்சப்படும் கூலியைவிட அதிகம். இங்கிலாந்தில் நூற்பு இயந்திரம் ஏன் முதலில் பிடித்தது என்பதற்கு ரொபர்ட் அலன் சொல்லும் விளக்கமும் ஏறக்குறைய இதுதான்: அங்கே கூலி உயர்வு, நிலக்கரி மலிவு. இதை ஒரு விளையாட்டு கணக்கில் எடுக்கிறது என்பதே எனக்கு ஆச்சரியம்.

இப்போது நம் மலையைப் பாருங்கள். ஸ்டோருக்குள் ரோலர், டிரையர், சோட்டர் என்று 1880களிலிருந்தே இயந்திரம் வந்துகொண்டே இருந்தது. பெல்பாஸ்டில் சாமுவேல் டேவிட்சன் செய்த சிரொக்கோ டிரையர்கள் இங்கே எத்தனை ஸ்டோர்களில் நின்றன! ஆனால் மலையில்? என் பாட்டி பறித்த மாதிரியேதான் என் அம்மாவும் பறிக்கிறார். ரெண்டு இலை ஒரு மொட்டு, முதுகில் கூடை, மடுவத்தில் நிறுவை. தரம் கெடும் என்பது ஒரு காரணம், சரிவில் இயந்திரம் நிற்காது என்பது இன்னொன்று. அதைவிடப் பெரிய காரணம், ஆள் மலிவாகக் கிடைத்ததுதான். கிடைக்க வைத்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

அங்கேதான் எனக்கு விளையாட்டோடு சண்டை. கூலி ஏன் மலிவு என்பதை அது சந்தையிடம் விட்டுவிடுகிறது. இங்கே அதற்கென்று ஓர் ஏற்பாடே இருந்தது. கங்காணி தமிழகத்தில் இருந்த தன் ஊருக்குப் போய், தன் சொந்தக்காரர்களுக்கே முன்பணம் கொடுத்து, மன்னாரில் இறக்கி, காட்டுவழியாக மாத்தளை வரை நடத்திக் கூட்டிவந்தார். வழியில் செத்தவர்கள் கணக்கில் வரவில்லை, அவர்களுடைய கடன் மட்டும் குடும்பத்தின் தலையில் வந்தது. கங்காணிக்குத் தலைக்காசு. கடன் தீர்ந்தது என்று துண்டு கொடுத்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம். அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அச்சடித்த ஒரு சின்னக் காகிதம் ஆயிரக்கணக்கான மனிதர்களை ஒரு மலையில் கட்டிவைத்தது. என்னைக் கேட்டால் கங்காணி முறையும் ஒரு தொழில்நுட்பம்தான். கோப்பிக்கும் தேயிலைக்கும் ரோலரைவிட முந்திய தொழில்நுட்பம். அதை எந்த மரத்தில், எந்தக் கிளையில் வரைவார்கள்?

மட்டக்கம்பு | ஞாயிறு காலை 10.30

தங்கச்சி, இதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சட்டங்கள்" என்று ஒரு பகுதி இருக்கிறதே, அடிமை முறை, குடிபெயர்வு எல்லாம். அதில் வராதா?

தலவாக்கலை_தாரகை | ஞாயிறு காலை 10.44

கிட்ட வரும் அண்ணா. ஆனால் இலங்கையில் சட்டப்படி அடிமை முறை 1844இல் ஒழிந்தது. விளையாட்டுக் கணக்கில் எங்கள் பாட்டன்மார் சுதந்திரத் தொழிலாளர்.

பதுளை_பசஞ்சர் | ஞாயிறு பகல் 12.08

ஒருவரும் பூஞ்சணத்தைப் பற்றிப் பேசவில்லையே. கோப்பி இலைத்துரு, 1869இல் இலங்கையில் பதிவானது. அடுத்த 20 வருஷத்துக்குள் கோப்பி ராஜ்யம் காலி. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867, அதாவது துரு தெரிவதற்கு ரெண்டு வருஷம் முந்தி. இலையைத் தன் பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கையால்தான் உருட்டினார். 1873இல் லண்டனுக்குப் போன முதல் பொதி 23 றாத்தல். கோப்பி நன்றாக ஓடிய காலத்தில் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. கோப்பி செத்த பிறகு துரைமார் நடுவில் சின்கோனாவுக்கு, அதாவது கொய்னா மருந்துப் பட்டை மரத்துக்கு, ஓடினார்கள். எல்லாரும் ஒரேயடியாகப் போட்டதில் விலை விழுந்தது. அப்புறம்தான் தேயிலை. 1890களின் நடுவில் மூன்று லட்சம் ஏக்கர்.

தேயிலையை யாரும் புதிதாக "ஆராய்ச்சி" செய்யவில்லை. சீனாவில் எத்தனையோ நூற்றாண்டாக இருந்தது, அசாமில் 1830களிலேயே வந்துவிட்டது. இங்கே அதைத் தள்ளிவிட்டது ஒரு நோய். ஆனால் நாம் விளையாடும்போது என்ன செய்கிறோம்? 1836இலேயே தேயிலை போடுகிறோம், ஏனென்றால் நமக்கு முடிவு தெரியும். எதிர்காலம் தெரிந்த துரை! மரத்தை எவ்வளவு திருத்தினாலும் ஆடுகிறவன் மண்டையில் இருக்கிற 200 வருஷத்தை அழிக்க முடியாது.

ஹட்டன்_மூடுபனியின் கேள்விக்கும் இங்கே பாதிப் பதில் இருக்கிறது. நானுஓயாவுக்கு மேலே பாதை போட வேண்டிய காலம் கோப்பி விழுந்த காலம். பெட்டியில் ஏற்றச் சரக்கும் இல்லை, பாதை போடக் காசும் இல்லை.

நானுஓயா_நடையன் | ஞாயிறு பகல் 2.25

பதுளைப் பாதை வரத் தாமதமானதைப் பேசுகிறீர்கள். இல்லாமலே போன ஒரு பாதையைப் பற்றி நான் பேசுகிறேன். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு ஒரு சின்னப் பாதை இருந்தது, ஒடுங்கிய தண்டவாளம். 1900களின் தொடக்கத்தில் திறந்தார்கள், 1940களில் தூக்கிவிட்டார்கள். லொறி வந்துவிட்டது. இப்போது அதன் தடத்தில் நடக்கலாம், சில இடத்தில் மரக்கறித் தோட்டம். நான் நாலு தடவை நடந்தேன், அட்டை கடித்ததுதான் மிச்சம்.

எந்த விளையாட்டிலாவது கிடைத்த தொழில்நுட்பம் கையை விட்டுப் போவதுண்டா? யூரோப்பாவில் நிலை இறங்காது. விக்டோரியாவிலும் படித்தது படித்ததுதான். ஆனால் மலைநாட்டின் தெற்குச் சரிவில், பலாங்கொடைப் பக்கம் சமனலவெவவில், காற்றைக் கொண்டே இரும்பு உருக்கிய உலைகளைத் தோண்டி எடுத்தார்கள். ஊதுலைத் துருத்தி இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைமுகட்டில் மோதும் இடத்தில் உலையை வரிசையாகக் கட்டினார்கள். கில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் அதே மாதிரி உலை கட்டி, அதே காற்றில் உருக்கிக் காட்டி, 1996இல் நேச்சர் இதழில் எழுதினார். உயர்ந்த ரக எஃகே வந்தது. அந்த உலைகள் 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரையானவை. அப்புறம் அந்த முறையே இல்லை. மறந்தார்களா, விட்டார்களா?

மரத்தில் அது எந்த இடம்? அதற்குக் கீழே வேரும் இல்லை, மேலே கிளையும் இல்லை. ஒரு மலை, ஒரு காற்று, வருஷத்தில் சில மாதம். அதை வேறு ஊருக்குக் கொண்டுபோகவே முடியாது. எனக்கு இதுதான் இந்த இழையிலேயே பெரிய விஷயமாகப் படுகிறது. சில அறிவு இடத்தோடு ஒட்டியது. விளையாட்டு எல்லாவற்றையும் நாட்டின் தலையில் எழுதுகிறது.

கண்டி_வாத்தியார் | ஞாயிறு பகல் 3.02

அருமை. இதற்கு மறுபக்கமும் உண்டு. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் புத்தகம் அச்சாகிவிட்டது. அப்படிப் பார்த்தால் "தமிழர்: அச்சு, 1578" என்று டிக் போட வேண்டும். ஆனால் 19ஆம் நூற்றாண்டிலும் ஓலைதான் கீறிக்கொண்டிருந்தோம். இருப்பது வேறு, புழங்குவது வேறு.

தலவாக்கலை_தாரகை | ஞாயிறு மாலை 4.40

புழக்கம் என்றதும் கரண்ட் ஞாபகம் வருகிறது. மலைநாட்டு ஆறுகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர தங்கள் சங்கத்தில் கணக்கோடு கட்டுரை வாசித்தது 1918. லக்ஷபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1950. 32 வருஷம். அதற்குப் பிறகு காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள். மவுசாகலையில் பழைய மஸ்கெலியா ஊரே தண்ணீருக்குள் போனது. வரட்சி வந்தால் கோயில் வெளியே தெரியும்.

நான் பிறந்த லயத்திலிருந்து பார்த்தால் நீர்த்தேக்கம் தெரியும். கரண்ட் கம்பி எங்கள் தலைக்கு மேலேதான் போனது. நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலுக்குப் படித்தது குப்பி விளக்கில். யாரைக் கேட்டாலும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். விளையாட்டில் "மின் உற்பத்தி" என்ற பெட்டி பச்சையானால் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் என்று நம்புகிறவர்கள் ஒரு நாள் எங்கள் வீட்டில் வந்து படித்திருக்க வேண்டும்.

மட்டக்கம்பு | ஞாயிறு இரவு 8.15

சரி, நான் தோற்றுப்போனேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் செய்யக்கூடியது என்ன? ஸ்டெல்லாரிஸில் மரத்தையே காட்டுவதில்லை, சீட்டு மாதிரி சில தெரிவுகள் வரும், ஒன்றை எடுக்கலாம். எதிர்காலம் தெரிந்த துரைக்கு அது ஒரு மருந்து. ஹார்ட்ஸ் ஒஃப் அயர்ன் 4இல் காலத்துக்கு முந்தி ஆராய்ந்தால் நேரம் கூட எடுக்கும். அதுவும் ஒரு கடிவாளம்.

பதுளை_பசஞ்சர் | ஞாயிறு இரவு 8.31

சீட்டுக் குலுக்கினால் சரித்திரம் ஆகாது அண்ணே. துரு வந்தது சீட்டில் இல்லை, மலை முழுக்க ஒரே பயிரை நெருக்கி நட்டதில் வந்தது. அதைக் கணக்கில் எடுத்தால்தான் பிரயோசனம்.

ஹட்டன்_மூடுபனி | புதன் இரவு 11.50

மூன்று நாள் உட்கார்ந்து ஒரு சின்ன மொட், அதாவது விளையாட்டின் விதியை மாற்றும் கோப்பு, எழுதினேன். இரண்டு விஷயம்தான். ஒன்று, ரயில்வேயின் கட்டுமானச் செலவு நிலைக்கு நிலை ஏறும். இலங்கையில் முதல் நிலை மலிவு, கடுகண்ணாவைக்கு மேலே போவதாக நினைத்து அடுத்ததெல்லாம் பயங்கர விலை. மற்றது, பதுளை_பசஞ்சர் சொன்ன மாதிரி கோப்பித் தோட்டம் ஒரு அளவைத் தாண்டினால் துரு வரும் நிகழ்வு.

ஐந்து தடவை கணினியையே ஆடவிட்டுப் பார்த்தேன். ரயில்வேயின் கடைசி நிலை 1909க்கும் 1931க்கும் இடையில் முடிகிறது, அது பரவாயில்லை. துருவும் வருகிறது. பிரச்சினை அதற்குப் பிறகு. கோப்பி செத்ததும் கணினி தேயிலைக்குப் போவதில்லை, சும்மா நிலத்தைப் போட்டு வைத்திருக்கிறது. ஐந்து தடவையும் அப்படியே. சின்கோனாவுக்கு விளையாட்டில் சரக்கே இல்லாததால் நடுப்படியும் இல்லை. தாரகை கேட்ட துண்டு முறையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, தொடவே இல்லை.

முதலீட்டுக் குழுக்கள் பயிரைத் தெரிவுசெய்யும் இடத்தில் எந்தக் கோப்பைத் திருத்த வேண்டும் என்று யாருக்காவது தெரியுமா?

பழைய_ஸ்டோர்காரன் | வியாழன் காலை 6.10

தம்பி, பேரன் பார்க்கிறேன் என்கிறான். அவனுக்குப் பரீட்சை, ஞாயிறு வரைக்கும் பொறுங்கள். தேயிலை போட்டதும் காசு வராது என்று எழுதியிருக்கிறீர்களா? நாற்றுத் தவறணையில் கன்று எடுத்து நட்டு, மூன்று நாலு வருஷம் போக வேண்டும் முதல் கொழுந்துக்கு. அதைப் பார்த்துப் பயந்துதான் உங்கள் மெஷின் போடாமல் இருக்கும்.